எள்ளலும் பேதைமையும்: பெல்ஜிய நகைச்சுவையும் பிரெஞ்சுச் செவியும்

ஆய்வுச் சுருக்கம்

பெல்ஜியரைப் பேதையராகக் காட்டும் துணுக்குகள் 1970-களில் பிரான்சில் பெருகின. 1990-களுக்குப் பின் பெல்ஜியக் கலைஞர்களின் நகைச்சுவை அதே பிரான்சில் பெரும் பாராட்டைப் பெற்றது. இம்மாற்றம் இகழ்ச்சியிலிருந்து மதிப்பை நோக்கிய நகர்வாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். பெல்ஜியர் எள்ளலாகச் செய்வதைப் பிரெஞ்சு மையம் முன்பு பேதைமையாகக் கேட்டது. இன்று தன்னெள்ளலாகக் கேட்கிறது. இரு நிலைகளிலும் எள்ளலின் இலக்கு மறைந்துபோகிறது. நாடகம், படக்கதை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றிலிருந்து தெரிந்தெடுத்த சான்றுகள் வழி இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், பேதைமை, பெல்ஜியத் துணுக்கு, தன்னெள்ளல், மொழி மையம், விளிம்பு.

முன்னுரை

பிரெஞ்சு மொழியில் இரண்டு தொடர்கள் அருகருகே வழங்குகின்றன. ஒன்று 'பிளாக் பெல்ஜ்', அதாவது பெல்ஜியத் துணுக்கு. மற்றொன்று 'யுமூர் பெல்ஜ்', அதாவது பெல்ஜிய நகைச்சுவை. முன்னதில் பெல்ஜியர் சிரிப்புக்குரிய பொருள். அதைச் சொல்பவர் பிரெஞ்சுக்காரர். பின்னதில் பெல்ஜியர் சிரிக்கவைப்பவர், பிரெஞ்சுக்காரர் கேட்பவர். பொருளாக இருந்தவர் எவ்வாறு கர்த்தாவானார் என்பது நகைச்சுவை ஆய்வுக்குரிய நல்ல வினா. ஆனால் அவர் உண்மையிலேயே கர்த்தாவாகக் கேட்கப்படுகிறாரா என்பது அதனினும் முந்தைய வினா. இக்கட்டுரை இரண்டாம் வினாவையே எடுத்துக்கொள்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. எள்ளலைப் பேராசிரியர் இருவகையாகப் பகுப்பது இங்குப் பெரிதும் பயன்படும். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. ஐரோப்பிய நகைச்சுவைக் கோட்பாடுகளில் மேன்மையுணர்வுக் கோட்பாடு என வழங்குவது முதல்வகையைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. எள்ளப்பட்டவன் நகும் நகையை அது ஓரமாகவே தொடுகிறது. பெல்ஜியத்தைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாம் வகையே திறவுகோல் என நான் கருதுகிறேன். உரையாசிரியர் பிரெஞ்சு நாட்டைப் பற்றி எண்ணியிருக்கமாட்டார் என்பது உண்மை. எனினும் கருவி பொருந்துமிடத்தில் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

நகலாகக் காணப்பட்ட நாடு

பெல்ஜியம் 1830-இல் தனிநாடாயிற்று. அதன் மேட்டுக்குடியினர் பிரெஞ்சு பேசினர். வடபகுதி மக்கள் டச்சின் பிளெமிஷ் வழக்குகளைப் பேசினர். தென்பகுதியில் வல்லோன் வழக்குகள் நிலவின. பாரிசு இலக்கிய உலகுக்கு இந்நாடு முதலில் அறிமுகமானது ஓர் அச்சகமாகத்தான். பாரிசில் வெளியான நூல்களை உரிமையின்றி மலிவுப் பதிப்பாக அச்சிட்டு விற்கும் தொழில் பிரஸ்ஸல்சில் தழைத்திருந்தது. இரு நாடுகளுக்குமிடையே 1852-இல் ஏற்பட்ட பதிப்புரிமை உடன்படிக்கையே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தொழில் ஓய்ந்தது, பெல்ஜியர் நகலெடுப்பவர் என்னும் எண்ணம் ஓயவில்லை.

போதலேர் 1864-இல் பிரஸ்ஸல்சுக்கு வந்தார். சொற்பொழிவுகளால் பணம் ஈட்டலாம், நூல்களுக்குப் பதிப்பாளர் கிடைப்பார் என்னும் இரு நம்பிக்கைகளும் பொய்த்தன. அக்கசப்பில் அவர் எழுதிக் குவித்த குறிப்புகள் 'பாவம் பெல்ஜியம்' என்னும் தலைப்பில் முற்றுப்பெறாத நூலாக எஞ்சின. பெல்ஜியர் பிரெஞ்சுக்காரரைப் பார்த்து நடிக்கும் குரங்குகள் என்பதே அக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றச்சாட்டு. ஒரு பெருங்கவிஞரின் நோயும் வறுமையும் அவ்வெழுத்தில் கலந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பின்னாளில் துணுக்குகளாகச் சுருங்கப்போகும் மனப்படம் இங்கேயே முழுமையாக உள்ளது. பெல்ஜியர் என்பவர் வேற்றார் அல்லர்; தம்மைப் போலவே பேசி, தம்மளவுக்கு வராதவர்.

1970-களில் பெல்ஜியத் துணுக்குகள் பெருவழக்காயின. அவற்றை மேடையிலும் வானொலியிலும் பரப்பியோருள் நகைச்சுவைக் கலைஞர் கொலூஷ் முதன்மையானவர். மின்னல் வெட்டும்போது பெல்ஜியர் சன்னலருகே வந்து நிற்பது ஏன்? யாரோ தம்மைப் புகைப்படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து. இத்துணுக்கில் பெல்ஜியத்துக்கே உரியது எதுவுமில்லை. பெயரை மாற்றினால் எந்த ஊரிலும், எந்தக் கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லலாம், சொல்லவும் படுகிறது.

கிறிஸ்டி டேவிஸ் 1990-இல் வெளியிட்ட 'உலகெங்கும் இன நகைச்சுவை' என்னும் நூல் இதற்கு விளக்கம் தருகிறது. அறிவீனத் துணுக்குகள் பெரும்பாலும் பகைவரைப் பற்றி எழுவதில்லை. மொழியாலும் பண்பாட்டாலும் நெருங்கி, ஆனால் விளிம்பில் வாழ்வோரைப் பற்றியே எழுகின்றன. மையம் அவர்களிடம் தன் உருவத்தையே கோணலாகக் காண்கிறது. பிரெஞ்சுக்காரர் பெல்ஜியரைப் பற்றிச் சொல்வது போலவே வடக்கே டச்சுக்காரரும் பெல்ஜியரைப் பற்றித் துணுக்குச் சொல்கின்றனர் என்பது டேவிஸின் கருத்துக்கு வலுவான சான்று. ஒரே நாடு இரு மொழிகளுக்கு விளிம்பாக இருப்பதால் இருபுறமும் அடி வாங்குகிறது.

டேவிஸின் விளக்கத்தை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அது துணுக்கு யாரைப் பற்றி எழும் என்பதை மட்டுமே கூறுகிறது. துணுக்கின் பொருளாக இருந்தவரே மையத்தின் மேடையேறி, மையத்தின் மொழியில் அதைச் சிரிக்கவைக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு அதில் இடமில்லை.

'ஒருமுறை' என்னும் சொல்

பெல்ஜியரைப் போலப் பேசிக்காட்ட விரும்பும் பிரெஞ்சுக்காரர் வாக்கியத்தின் இறுதியில் 'யுன் ஃபுவா' என்று சேர்த்துவிடுவார். இதன் நேர்ப்பொருள் 'ஒருமுறை'. டச்சு மொழியில் ஏவலை மென்மையாக்க வரும் 'ஏன்ஸ்' என்னும் சொல்லின் சாயலில் பிரஸ்ஸல்ஸ் பிரெஞ்சில் நுழைந்த வழக்கு இது. 'கொஞ்சம் இங்கே வா' என்று நாம் சொல்லும்போது 'கொஞ்சம்' அளவைக் குறிப்பதில்லை. ஏவலின் கூர்மையைத் தணிக்கிறது. 'யுன் ஃபுவா'வின் பணியும் அதுவே. பிரஸ்ஸல்ஸ்காரர் அதை அதற்குரிய இடத்தில் மட்டுமே பயன்படுத்துவார். போலி செய்பவரோ எல்லா வாக்கியத்துக்கும் வாலாக ஒட்டுகிறார். இல்லாத ஒரு மொழியை உருவாக்கி அதைப் பார்த்துச் சிரிக்கும் நிலை இது. மேலும், போலி செய்யப்படும் உச்சரிப்பு பிளெமிஷ் சாயல் கொண்ட பிரஸ்ஸல்ஸ் உழைக்கும் மக்களின் பேச்சு. லியேஜ், நமூர், மோன்ஸ் நகரத்தார் அவ்வாறு பேசுவதில்லை. எனினும் எல்லையைக் கடந்ததும் அவர்கள் அனைவர் வாயிலும் அவ்வுச்சரிப்பே எதிர்பார்க்கப்படுகிறது.

எண்ணுப்பெயர்களும் அவ்வாறே. பிரெஞ்சை வகுப்பறையில் கற்ற என் போன்றோர் எழுபதை 'அறுபதும் பத்தும்' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபதும் பத்தும்' என்றும் மனப்பாடம் செய்து தடுமாறியவர்கள். பெல்ஜியர் இவற்றைச் 'செப்தாந்த்', 'நொனாந்த்' என ஒரே சொல்லில் முடிக்கின்றனர். இவை பிரான்சிலும் முற்காலத்தில் வழங்கிய வடிவங்களே. தான் கைவிட்ட பழஞ்சொல்லை அண்டைவீட்டார் வைத்திருப்பதைக் கண்டு மையம் சிரிக்கிறது. அதுவும் எளிமையான வடிவத்தைப் பார்த்துச் சிக்கலான வடிவம் சிரிக்கிறது.

மொழியை நடுவில் வைத்து இச்சிரிப்பைத் திருப்பிக்காட்டிய நாடகம் ஒன்று உண்டு. ஃபொன்சோன், விக்கெலெர் ஆகிய இருவர் இயற்றிய 'செல்வி ப்யூலமான்ஸின் திருமணம்' 1910-இல் பிரஸ்ஸல்சில் அரங்கேறி, அதே ஆண்டில் பாரிசுக்கும் சென்றது. பாரிசு இளைஞன் ஒருவன் தொழில் பழகப் பிரஸ்ஸல்ஸ் மதுவடிப்பாளர் ப்யூலமான்ஸிடம் வருகிறான். அவனது திருத்தமான பேச்சே முதலாளிக்கு எரிச்சலூட்டுகிறது. நாடகத்துக்குள் அயலான் அந்த இளைஞன். விந்தையாக ஒலிப்பது அவன் பேச்சு. பாரிசு அரங்கிலோ சிரிப்புக்குரியதாக ஒலித்தது ப்யூலமான்ஸ் குடும்பத்தின் உச்சரிப்பு. ஒரே உரையாடல், ஒரே இடத்தில் சிரிப்பு. ஆனால் இலக்கு நேர் எதிரானது.

இந்நாடகத்தைச் சரியாகக் கேட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். மார்செய் வட்டாரத்தவரான மர்செல் பஞோல், தம் 'மாரியுஸ்' (1929) நாடகத்துக்கு இப்பிரஸ்ஸல்ஸ் நாடகம் தூண்டுகோலாக இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு துறைமுகத்து மக்களின் பேச்சைத் திருத்தாமலேயே பெருநாடகம் படைக்கலாம் என்னும் துணிவை அது அவருக்குத் தந்தது. அவர் ப்யூலமான்ஸைப் பேதையாகக் காணவில்லை. தம் ஊர்க்காரராகக் கண்டார். 'பிரெஞ்சுப் பார்வையாளர்' என்று ஒருமையில் பேசுவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது. பெல்ஜிய எள்ளல் பேதைமையாகக் கேட்பது பாரிசின் செவிக்கு. பிரான்சின் உள்விளிம்பிலிருந்து வந்தவரின் செவி வேறு.

வீரத்தைப் புகழ்ந்த சீசர்

ரெனே கொசினி பாரிசில் பிறந்து புவனோஸ் ஐரிசில் வளர்ந்தவர். பெல்ஜிய இதழான 'டின்டின்'னில் எழுதியவர்; கோர்ட்ரெய்க் நகரைச் சேர்ந்த பிளெமிஷ் ஓவியர் மோரிஸ் வரைந்த லக்கி லூக்குக்குக் கதை தந்தவர். சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக லக்கி லூக்கை அறிந்த தமிழ் வாசகர் பலர், அக்குதிரைவீரன் பெல்ஜியப் படைப்பு என்பதை அறியாமலே வளர்ந்திருப்பர். அதில் குறையொன்றுமில்லை, அந்த அறியாமையால்தான் நாம் அவனை எந்த முன்முடிவுமின்றிப் படித்தோம்.

கொசினி 1977-இல் மறைந்தபோது உதெர்ஸோ வரைந்துகொண்டிருந்த தொகுதி 'ஆஸ்டெரிக்ஸ் பெல்ஜியரிடையே'. 1979-இல் அது வெளிவந்தது. காலியர் அனைவரிலும் பெல்ஜியரே வீரர் எனச் சீசர் கூறிவிட்டதைக் கேட்டுக் கிராமத் தலைவர் பொறாமையால் வெகுண்டு எல்லை கடக்கிறார் என்பது கதை. பெல்ஜியத் தலைவர் கோஸ்லாம்பிக்ஸின் பெயர் கோஸ், லாம்பிக் என்னும் இரு பியர் வகைகளைச் சேர்த்துக் கட்டியது. நடிகை அனி கோர்டி தலைவரின் மனைவியாகவும், மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸ் செய்தி கொண்டோடுபவராகவும் தோன்றுகின்றனர். புரூகெலின் உழவர் விருந்து ஓவியம் மறுவடிவம் பெறுகிறது. உருளைக்கிழங்கு வறுவல் தோன்றிய வரலாறும் உண்டு.

இவை அனைத்தும் துணுக்குகளில் வரும் பொருள்களே. வேறுபாடு எங்கே? வாட்டர்லூ தோல்வியைப் பற்றி விக்டர் ஹ்யூகோ எழுதிய, பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் கவிதையைக் கொசினி 'வாட்டர்சூய்' என்னும் பெல்ஜியக் குழம்பின் பெயரால் பகடி செய்கிறார். சிரிப்பு பெல்ஜியச் சமையலறையிலிருந்து கிளம்பிப் பிரெஞ்சு வகுப்பறையின் பெருமிதத்தைச் சென்று தாக்குகிறது. பெல்ஜியரைவிடத் தம் வீரம் குறைந்ததாகிவிடுமோ என அஞ்சிப் பதறுபவர்களும் ஆஸ்டெரிக்ஸின் ஊரார்தாம். யார் வீரர் என்னும் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்லச் சீசர் இறுதியில் மறுத்துவிடுகிறார். எல்லாரும் சமமான பித்தர் என்பதே அவர் கண்டது.

இக்கதைக்கு அடிப்படையான சீசரின் கூற்றை மூலத்தில் படிப்போர் ஒரு செய்தியைக் கவனிக்கலாம். 'காலியப் போர்' நூலின் தொடக்கத்திலேயே பெல்கேயரின் வீரத்துக்கு அவர் காரணமும் கூறுகிறார்: உரோம மாகாணத்தின் நாகரிகத்திலிருந்து அவர்கள் மிகத் தொலைவில் வாழ்கின்றனர், மெலிவூட்டும் பண்டங்களைக் கொண்டுவரும் வணிகர் அங்கு அடிக்கடி செல்வதில்லை. அந்தப் பெல்கேயரும் இன்றைய பெல்ஜியரும் ஒருவரல்லர். ஆனால் புகழ்ச்சியின் கட்டமைப்பை நோக்க வேண்டும். மையம் விளிம்பைப் புகழும்போது, தன்னிடமிருந்து அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையே புகழ்கிறது. இன்று பிரெஞ்சு இதழ்கள் பெல்ஜியக் கலைஞரிடம் கண்டு மகிழும் 'எளிமை', 'தன்னைப் பெரிதாக எண்ணாமை' ஆகியன இப்புகழ்ச்சியின் வழிவந்தவையே.

அண்டைவீட்டில் நடந்தது

பெல்ஜிய நகைச்சுவை பிரான்சில் தனிப்பெயர் பெற்றதற்கு ஒரே ஓர் ஆண்டைச் சுட்ட வேண்டுமாயின் 1992-ஐச் சுட்டலாம். 'உங்கள் வீட்டருகே நடந்தது' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. ரெமி பெல்வோ, அந்த்ரே போன்செல், பெனுவா பூல்வூர்த் ஆகிய மூவர் மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். பெல்ஜிய நகைச்சுவையின் அடையாளச் சின்னமாகக் கொண்டாடப்படும் இதன் இயக்குநர் மூவருள் போன்செல் பிரெஞ்சுக்காரர். பாராட்டுவோர் இதை நினைவில் கொள்வது அரிது.

ஓர் ஆவணப்படக் குழு பென் என்னும் கொலைகாரனைப் பின்தொடர்கிறது. மாதத் தொடக்கத்தில் முதலில் ஓர் அஞ்சற்காரரைக் கொல்வது அவன் வழக்கம். ஓய்வூதியம் பெறும் முதியோர் எங்கே வாழ்கின்றனர் என்பதை அவ்வழியே அறியலாம். பிணத்தை நீரில் ஆழ்த்த எவ்வளவு எடை கட்ட வேண்டும் என்பதைப் பெரியவர், குழந்தை, முதியவர் எனக் கணக்கிட்டு விளக்குகிறான். இடையிடையே கட்டடக்கலை பற்றியும், தொழிலாளர் குடியிருப்புகளின் செங்கல் நிறம் பற்றியும் கருத்துரைக்கிறான், கவிதை சொல்கிறான். படத்தில் அவன் தாயாக வருபவர் பூல்வூர்த்தின் தாயே. படக்குழு சிறிது சிறிதாகக் குற்றங்களில் பங்கேற்கத் தொடங்குகிறது. ஒரு வன்புணர்ச்சிக் காட்சியில் அதுவரை சிரித்த பார்வையாளர் திடீரென்று தம் சிரிப்புக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டியவராகிறார்.

இப்படத்தின் உடனடிப் பின்புலம் பெல்ஜியத் தொலைக்காட்சியின் 'ஸ்திரிப்-தீஸ்' தொடர். 1985-இல் ஜான் லிபோன், மார்கோ லாமென்ஷ் தொடங்கிய இத்தொடரில் விளக்கக் குரல் கிடையாது. மக்கள் தம் வாழ்க்கையைத் தாமே பேசுவர். தீர்ப்புப் பார்ப்பவரிடம் விடப்படும். அந்த மௌனம் நேர்மையா, அல்லது கேமராவின் உடந்தையா என்பதே பென்னின் கதை எழுப்பும் வினா. ஆக, எள்ளப்படுவது பெல்ஜியனின் அசட்டுத்தனம் அன்று. திருத்தமான பிரெஞ்சில் பண்பாடு பேசும் ஒரு வாயும், அதைத் தொடர்ந்து படம்பிடிக்கும் ஒரு கண்ணுமே எள்ளப்படுகின்றன. படத்தில் பென் கலக்கும் ஒரு மதுவுக்கு, 1980-களில் பிரான்சையே உலுக்கிய குழந்தைக் கொலை வழக்கொன்றின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவ்வழக்கைப் பிரெஞ்சு ஊடகங்கள் கையாண்ட முறை பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அருவருப்பூட்டும் இந்நகை எத்திசை நோக்கி எய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இப்படம் பிரெஞ்சு இளைஞரிடையே வழிபாட்டுப் படமாயிற்று. அதன் வசனங்கள் மனப்பாடமாயின. ஆனால் அது கொண்டாடப்பட்டது பெரும்பாலும் பெல்ஜியக் கிறுக்குத்தனத்தின் வெடிப்பாகவே. அதே 1992-இல் 'ஸ்திரிப்-தீஸ்' தொடரும் பிரான்சின் மூன்றாம் அலைவரிசைக்குச் சென்றது. வல்லோனியத் தொழிற்பகுதியின் வேலையின்மையும் தனிமையும் எல்லைக்கு இப்பால் வர்க்கத்தின் முகமாகத் தெரிந்தன. அப்பால் 'பெல்ஜிய' முகமாகத் தெரியும் வாய்ப்பே மிகுதி. நாட்டின் பெயர் ஓர் அடைமொழியானதும், வறுமை வட்டாரச் சுவையாகிவிடுகிறது.

பாராட்டின் எல்லை

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் பெல்ஜியக் கலைஞர் இல்லாத பிரெஞ்சு நகைச்சுவை உலகை எண்ணிப்பார்க்க இயலாது. ஃபிலிப் ஜெலுக் 1983-இல் 'ல சுவார்' நாளிதழில் வரையத் தொடங்கிய பூனை, 2021-இல் இருபது வெண்கலச் சிலைகளாகப் பாரிசின் ஷான்செலிசே சாலையில் நின்றது. ஸ்தெஃபான் தெ க்ரூட் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வாசித்த சொல்விளையாட்டுக் கட்டுரைகளில் வரிக்கு வரி சிலேடை. பிரெஞ்சைச் சிதைப்பவர் எனப்பட்ட நாட்டிலிருந்து வந்தவரே பிரெஞ்சின் ஒலிகளை அத்தனை நுட்பமாகத் திருகிக்காட்டினார். சார்லின் வன்ஹூனாக்கரும் அலெக்ஸ் விசொரெக்கும் பிரான்சின் பொது வானொலியில் அந்நாட்டு அரசியலை நாள்தோறும் எள்ளினர். 'யூப்பிட்டர் மீது ஆணை' என்னும் அவர்கள் நிகழ்ச்சியின் பெயரே, தம்மை யூப்பிட்டரின் உயரத்தில் வைத்து ஆள விரும்பிய குடியரசுத் தலைவரைக் குத்துவது.

இவர்களைப் பற்றிய பாராட்டுரைகளில் தவறாது வரும் சொல் 'ஓட்டோதெரிசியோன்', அதாவது தன்னெள்ளல். பெல்ஜியரின் தனிச்சிறப்பு தம்மைத் தாமே கேலி செய்வது என்கின்றனர். பேராசிரியரின் பகுப்புப்படி இது இரண்டாம் வகை எள்ளலின் அண்டையில் நிற்பது. பெல்ஜியரிடம் அது உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களே பெருமையோடு சொல்லிக்கொள்கின்றனர். ஆனால் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரைக் கேலி செய்வது எவ்வாறு தன்னெள்ளலாகும்? வானொலியில் ஒலிப்பது பிறரை எள்ளும் முதல்வகை. கேட்பவர் அதை இரண்டாம் வகையாக மாற்றிக் கேட்கும்போது அம்பு எய்தவரிடமே திரும்பிவிடுகிறது. தன்னெள்ளல் என்னும் பாராட்டு தைக்காமல் காக்கும் கவசமாகச் செயல்படுகிறது.

பெல்ஜியத்தில் வழங்கும் ஒரு துணுக்கு இதை நன்கறிந்தே பிறந்தது போலும். விரைவில் செல்வராக வழி என்ன? பிரெஞ்சுக்காரர் ஒருவரை அவருடைய உண்மை விலைக்கு வாங்கி, அவர் தமக்குத் தாமே மதித்த விலைக்கு விற்பது. இத்துணுக்கும் வேறு நாட்டாரைப் பற்றி வேறிடங்களில் சொல்லப்படுகிறது. ஆயினும் பெல்ஜியத் துணுக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். பிரெஞ்சுக்காரர் சொல்வது அறிவின்மையைப் பற்றி. பெல்ஜியர் சொல்வது தற்பெருமையைப் பற்றி. ஒன்று கீழ்நோக்கிய சிரிப்பு, மற்றது மேல்நோக்கியது. லியேஜில் பிறந்த நொயேல் கோதேன் இத்துணுக்கையே கையிலெடுத்துச் செயலாக்கியவர். கோதார், பில் கேட்ஸ் முதலியோரின் முகத்தில் கிரீம் கேக்கை அப்பிய இவர், பெர்னார் ஆன்ரி லெவி என்னும் பாரிசு மெய்யியலாளரை மட்டும் மீண்டும் மீண்டும் தேடிச்சென்று அப்பினார். செயலின் நாகரிகத்தைப் பற்றி வாதிடலாம். அதைத் தன்னெள்ளல் என்று மட்டும் எவராலும் சொல்ல முடியாது.

இதன் மறுபக்கம் டேனி பூன் இயக்கிய 'அறிவிக்க ஏதுமில்லை'. 2011-இல் வெளியான இப்படத்தைப் பிரான்சில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 1993 ஜனவரி முதல் நாள் எல்லைச் சாவடிகள் நீங்கும் வேளையில், பிரெஞ்சுக்காரரை வெறுக்கும் பெல்ஜியச் சுங்க அலுவலராகப் பூல்வூர்த் நடித்தார். வெறுப்பு இங்கே தலைகீழாக்கப்பட்டுள்ளது. பார்வையாளர் அதை மகிழ்ந்து பார்த்ததற்குக் காரணம், அவ்வெறுப்பு மெய்யாக இருக்கக்கூடும் என அவர் ஒருகணமும் நம்பாததே எனத் தோன்றுகிறது. எனினும் பூன் எல்லையோர ஊரான ஆர்மந்தியேரில் பிறந்தவர். இரு சாவடிகளுக்குமிடையே தெருவின் அகலமே உள்ளது என்பதைப் படம் விடாமல் காட்டுகிறது. அதன் கதையைவிட அந்தத் தெரு நுட்பமானது.

கேட்கப்படாத பாதி

இதுவரை கூறிய பெல்ஜியர் ஏறத்தாழ அனைவரும் பிரெஞ்சு மொழியினர். நாட்டு மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் டச்சு பேசுவோர். பிரான்சில் 'பெல்ஜிய நகைச்சுவை' என வழங்குவது அவர்களை விட்டுவிட்டே வழங்குகிறது. கமகுர்காவும் ஹெர் சேலேயும் படைத்த 'கவ்பாய் ஹென்க்' 2014-இல் அங்குலேம் படக்கதை விழாவில் மரபுரிமை விருது பெற்றது போன்றவை விதிவிலக்குகள். விந்தை என்னவெனில், பிரெஞ்சுக்காரர் போலி செய்து சிரிக்கும் உச்சரிப்பு இந்தக் கேட்கப்படாத பாதியின் மொழிச்சாயலே. சாயலைக் கேட்ட செவி மொழியைக் கேட்கவில்லை.

அம்மொழிப் பிளவுதான் பெல்ஜிய நகைச்சுவையின் அடியிலுள்ள அச்சம். 2006 டிசம்பர் 13 மாலை பிரெஞ்சு மொழிப் பொதுத் தொலைக்காட்சி தன் நிகழ்ச்சியை இடைநிறுத்தி, பிளாண்டர்ஸ் தன்னிச்சையாக விடுதலை அறிவித்துவிட்டதாகச் செய்தி வாசித்தது. அன்றாடச் செய்தி வாசிப்பாளர், அன்றாட அரங்கம். அரசர் நாட்டைவிட்டு வெளியேறினார் என்றது. புதிய எல்லையில் டிராம் வண்டி தடுத்து நிறுத்தப்பட்டதைக் காட்டியது. 'ஸ்திரிப்-தீஸ்' தொடரில் பணியாற்றிய ஃபிலிப் துத்தியேல் உருவாக்கிய புனைவு அது. தொடக்கத்தில் 'இது ஒருவேளை புனைவாக இல்லாமலிருக்கலாம்' என்னும் வாசகம் சிறிதுநேரம் தோன்றியது. மக்கள் பதறவே, ஏறத்தாழ அரைமணிநேரத்துக்குப் பின் 'இது புனைவு' என்னும் வாசகம் திரையில் இடப்பட்டது.

மக்ரித்தின் 1929-ஆம் ஆண்டுப் புகைக்குழாய் ஓவியத்தோடு முதல் வாசகத்தை இணைத்து, இதையும் பெல்ஜிய சர்ரியலிசத்தின் கணக்கில் எழுதுவது எளிது. மக்ரித்தின் வாசகத்தில் 'ஒருவேளை' இல்லை. அச்சொல்லை ஒரு செய்தியாளர் சேர்த்தார். நாடு உடையக்கூடும் என்று நம்பியவர்களுக்காகச் சேர்த்தார்.

2010 சூன் தேர்தலுக்குப் பின் பெல்ஜியம் 541 நாள்கள் முழு அரசின்றி இருந்தது. அந்நாள்களின் இடையே, 2011 பிப்ரவரி 17 அன்று, பிளெமிஷ் மொழி மாணவரும் பிரெஞ்சு மொழி மாணவரும் பல்கலைக்கழக நகரங்களில் தெருவுக்கு வந்து அரசியலாரை நகைத்தனர். லூவனில் உருளைக்கிழங்கு வறுவல் இலவசமாக வழங்கப்பட்டது. அப்போராட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'வறுவல் புரட்சி'. நாற்பதாண்டுகளாகப் பிரெஞ்சுத் துணுக்குகளில் பெல்ஜியரின் பேதைமைக்குச் சின்னமாக நின்ற அதே வறுவலை, இரு மொழியாருக்கும் பொதுவான ஒரே பொருளாக அவர்கள் கையில் ஏந்தியிருந்தனர்.